செஞ்சியில் பஸ்ஸைத்தான் கழுவினார்கள்

ஊருக்குப் போய்விட்டு வந்தீர்களே, செஞ்சிக் கோட்டையைப் பற்றிச் சொல்லுங்கள், பத்திரிகையில் போடலாம் என்கிறார்கள் இங்கே பினாங்கில். கோட்டைமேல் நான் ஏறவில்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவ்வளவுதான். கோட்டையைப் படிக்க வந்தவர்கள் வேறு பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

எனக்கு எழுதத் தெரியாது. நான் பால்காரன். என் பால்கடைக்கு அடுத்தாற்போல் அச்சுக்கூடம் வைத்திருப்பவர் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். "சுத்தி வளைக்காம சொல்லுங்க" என்கிறார். சுற்றி வளைத்தால்தான் எனக்கு ஞாபகம் வரும். அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தம்பி லூர்துசாமி செஞ்சியில் ஒரு மிளகாய் மண்டியில் மூட்டை நிறுக்கிறான். நாங்கள் பக்கத்துக் கிராமத்து வேதக்காரக் குடும்பம். மீசை முளைக்கும் முன்பே நான் கப்பலேறிவிட்டேன். இரண்டு பேரில் ஒருவன் கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை முகம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் பயணம். வேறு காரணம் இல்லை.

திண்டிவனத்தில் பஸ் பிடித்தேன். பினாங்கு பஸ்ஸில் கோழிக்கூடையோடு ஏறினால் இறக்கிவிடுவார்கள். இங்கே பஸ்ஸின் மேலே ஒரு குடித்தனமே ஏறியிருந்தது. சைக்கிள், கட்டில், வைக்கோல் பிரி, மூட்டை, டின். இன்னும் மேலே ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் நான் ஒரு மசால்வடை வாங்கித் தின்றேன். எண்ணெய் பழையது. ஆனாலும் அந்த மிளகாயின் காரம் என் நாக்கில் பல வருஷத்துத் தூசியைத் துடைத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "பெரிவரே, அழுவாதீங்க, ஊருக்குத்தானே போறீங்க" என்றார்.

எனக்குப் பக்கத்து சீட்டில் ஒருவர். வெள்ளைச் சட்டை, புது மல்லு வேட்டி, தோளில் துண்டு. தொண்டூர்க்காரர், பெயர் அப்பாண்டைராசன், சமணர். அந்தப் பக்கத்தில் அவர்களை நைனார் என்பார்கள். முன்னால் பெண்கள் சீட்டில் அவர் மனைவி பத்மாவதி. மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேட்டி மருமகன் கொடுத்ததாம்.

"மலேயாவுல நெல்லு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். எனக்குப் பொரியுருண்டை கொடுத்தார். இந்த வருஷம் அங்கே ரேஷன் கடையில் அரிசிக்கு அடிதடி. அரசாங்க ஆட்கள் ஜீப்பில் வந்து புது விதை போடு, உரம் போடு, மருந்து அடி என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம்.

"நீங்க அடிக்கிறீங்களா?"

"எங்க ஆளுங்கள்லயே சில பேரு கூலிக்கு ஆள் வெச்சி அடிக்கறாங்க. எனக்கு மனசு வரல. பூச்சியும் ஒரு உசுருதானே. கொறச்சலா வெளையட்டும், போவட்டும்."

இதைச் சொன்ன மனுஷர் தலையில்தான் அது கொட்டியது.

முதலில் சொட்டியது. மேலே பார்த்து, "மழையா?" என்றார். வெயில் கொளுத்துகிறது, மழை எங்கே? கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "மண்ணெண்ணெயா இருக்கும் நைனாரே, தொடச்சிக்குங்க." அவர் துண்டால் துடைத்துக்கொண்டார். அடுத்த பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டது. மேலே ஏதோ உருண்டது. கூரைத் தகடு ஒட்டுகிற இடுக்கு வழியாகக் கொடகொடவென்று இறங்கியது. அவருக்குத் தலை, கழுத்து, முதுகு எல்லாம் நனைந்தது. என் இடது தோளிலும் கொஞ்சம்.

பஸ்ஸை நிறுத்தினார்கள். கண்டக்டர் மேலே ஏறி, சாய்ந்த டின்னை நிமிர்த்திவிட்டு இறங்கினார். நெல் மூட்டையை டின்மேல் வைத்திருக்கிறார்கள், மூடி பிதுங்கிவிட்டது. யாருடைய டின் என்று கேட்டால் பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. செஞ்சிக்கு முன்னால் ஒருவன் வேகமாக இறங்கிப் போனான். மேலே இருந்த தன் டின்னைக்கூடக் கேட்கவில்லை. அவன்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பூச்சிமருந்துக் கடைக்குக் கொண்டுபோகிற மருந்து.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தம்பி நின்றிருந்தான். அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் அப்பா முகத்தை எடுத்து வைத்த மாதிரி ஒரு கிழவன் நிற்கிறான் என்றுதான் நினைத்தேன். கட்டிக்கொண்டோம். "இன்னாண்ணா இப்பிடி எளச்சிட்ட" என்று அழுதான். நான் அவனைவிடப் பெருத்தவன். சரி, அது கிடக்கட்டும்.

தொண்டூர் பஸ்ஸுக்காக நைனாரும் மனைவியும் நிழலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் அங்கே கூட்டம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவருக்கு வியர்வை ஆறாக ஓடுகிறது, வாயில் எச்சில் வழிகிறது, கைத்தசை தானாகத் துள்ளுகிறது. பத்மாவதியம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு விசிறினாள்.

யாரோ போன் போட்டு ஃபயர் வண்டி வந்தது. சிவப்பு வண்டி, மணி, தலையில் தொப்பி, இடுப்பில் கோடாலி. எனக்குத் தைரியம் வந்தது. அரசாங்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்கள் குழாயைப் பிரித்தார்கள், இரண்டு பேர் பிடித்தார்கள், பஸ்ஸைக் கழுவினார்கள்.

கூரை, ஜன்னல், சீட்டு எல்லாவற்றையும் கழுவினார்கள். சனம் வேடிக்கை பார்த்தது. தண்ணீர் மருந்தோடு ஓடி டீக்கடைச் சாக்கடையில் சேர்ந்தது. பத்தடி தள்ளி மனுஷன் மருந்தில் நனைந்து கிடக்கிறார். அவர்மேல் ஒரு சொட்டு விழவில்லை. விழுந்துவிடக் கூடாது என்று ஜாக்கிரதையாகக் குழாயைத் திருப்பினான் ஒருவன். "நோயாளி கெடக்காரு, தண்ணி தெறிக்காம புடி" என்று தொப்பிக்காரர் அதட்டியதை நான் என் காதால் கேட்டேன்.

அவரை ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பி என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் மனைவி ஞானம்மா கப்பல் அழுக்கு போகட்டும் என்று அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். என் சட்டையை, "இன்னா மாமா இந்த நாத்தம்" என்று குச்சியால் தூக்கி வேலியில் போட்டாள். சோப்பு, சீயக்காய், மறுபடி சோப்பு. நான் விருந்தாளி. விருந்தாளிக்குக் குளியல். பிறகு கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. இதற்காகவே கப்பலேறி வரலாம். பினாங்கில் மீனுக்குக் குறைவில்லை, ஆனால் களியை விழுங்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் எனக்கும் தலை வலித்தது. வாந்தி. களி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள் ஞானம்மா. தம்பி பயந்துபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கட்டில் நைனாருக்குப் பக்கத்தில்.

மறுநாள் காலையில் அவர் கண் விழித்து என்னைப் பார்த்தார். "மலேயாக்காரரே, இங்கயும் பக்கத்து சீட்டுதானா?" என்று சிரித்தார். முதல் நாளே டாக்டர் வந்து ஊசி போட்டிருக்கிறார். அதில் எழுந்து உட்கார்ந்தவர்தான். டாக்டர் சின்ன வயது, நல்லவர். ஆனால் அவருக்கு இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியும் சேர்ந்து இருந்தது. ஊசியை நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு அங்கே போய்விட்டார்.

நைனார் பிழைப்பாரா என்பதுதான் அந்த வார்டில் எல்லார் மனசிலும் இருந்த கேள்வி. ஊசி போட்டால் எழுந்து பேசுவார். கொஞ்ச நேரம் போனால் மறுபடி வியர்க்கும், எச்சில் ஊறும், மூச்சு இரையும். மறுபடி ஊசி. மேலே தூக்கி விடுவதும் கீழே விழுவதுமாக இருந்தது. பத்மாவதியம்மா ஒரு கணம் கட்டிலை விட்டு நகரவில்லை. பொழுது சாய்ந்தால் சமணர்கள் சாப்பிட மாட்டார்கள். அதனால் சூரியன் இறங்குவதற்குள் அவசரமாக ரெண்டு வாய் அவலை விழுங்கிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

அங்கே கட்டிலுக்குத் தலையணை கிடையாது. அவரவர் கொண்டுவந்த துணிதான். என் தலைக்கு ஞானம்மாவின் பழைய புடவை. நைனாருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வேட்டி கொடுத்திருந்தார்கள். அவர் கட்டியிருந்த மல்லு வேட்டி, சட்டை, துண்டு மூன்றையும் பத்மாவதியம்மா சுருக்கமில்லாமல் மடித்துத் தலைக்கு வைத்திருந்தாள்.

மத்தியானம் ஞானம்மா எனக்கு ரசம் சாதம் கொண்டுவந்தாள். பூண்டு தட்டிப் போட்ட ரசம். நான் வாயில் வைப்பதற்குள் பத்மாவதியம்மா சொன்னாள்.

"பெரிவரே, ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. அத வெளிய வெச்சி சாப்டக் கூடாதா?"

"இன்னாம்மா, ரசத்துக்கு இன்னா?"

"பூண்டு. எங்க வூட்டுல பூண்டு, வெங்காயம் வாசலத் தாண்டாது. நேத்துலேருந்து மூக்க வெச்சிக்கினு உக்கார முடியில. அவருக்கும் கொமட்டுது."

ஞானம்மா சும்மா இருக்கிற ஆள் இல்லை. "நேத்து நாங்க ரசமே கொண்டாரல. இது இன்னா ஆஸ்பத்திரியா, உங்க கோயிலா? பூண்டு சாப்ட்டாத்தான் நோவு தீரும்."

"உங்களுக்குத் தீரட்டும். எங்களுக்கு எதுக்கு அந்த நாத்தம்?"

"மூக்கப் பொத்திக்க."

நான் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். வேறு என்ன செய்வது? ஒரு பக்கம் தம்பி மனைவி, இன்னொரு பக்கம் சாகக் கிடக்கிறவரின் மனைவி.

வராந்தாவில் வாட்ச்மேன் கோவிந்தன் உட்கார்ந்திருந்தான். நல்ல பேச்சுக்காரன். பஸ்ஸைக் கழுவிய கதையைச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பெரிவரே, அவங்கள ஏன் திட்றீங்க? அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான்தான் ட்ரெய்னிங் எடுத்தவன். என்னக் கேளுங்க."

"நீயா?"

"ஆமா. பூச்சிமருந்து மேல கொட்டினா எப்பிடிக் கழுவுறது, யாரு கழுவுறதுன்னு எல்லாருக்கும் கத்துக் குடுக்க கவர்ன்மெண்டுல பணம் வந்துது. மார்ச்சு முடியறதுக்குள்ள செலவு பண்ணியாவணும், இல்லன்னா திரும்பிப் பூடும். அவசர அவசரமா ஷாமியானா போட்டாங்க. ஒவ்வொரு ஆபீசுலேருந்தும் ஆளு அனுப்புன்னாங்க. இங்க நர்ஸம்மாவ அனுப்ப முடியுமா? கம்பவுண்டர அனுப்ப முடியுமா? நான்தான் சும்மா உக்காந்திருந்தேன்."

"ஃபயர்காரங்க?"

"வந்தாங்களே. மெட்ராசுலேருந்து பெரிய அதிகாரி வராரு, தூசி பறக்குதுன்னு ரோட்டுக்குத் தண்ணி அடிக்கச் சொல்லிட்டாங்க. கூட்டம் முடியற வரைக்கும் அடிச்சாங்க."

"பஸ்காரங்க? மருந்து அடிக்கிற கூலிக்காரங்க?"

"அவங்கள யாரு கூப்ட்டா? அவங்களுக்கு எதுக்கு நாற்காலி?"

"சரி, உனக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

"இங்கிலீஷ்ல சொன்னாங்க. சாப்பாடு பிரமாதம், கேசரியில முந்திரி. அப்புறம் ரப்பர் கையுறை, ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கினு போட்டோ. எனக்கும் ஒரு கையுறை குடுத்தாங்க, ஒரு கைக்கு. போட்டோ முடிஞ்சதும் வாங்கி பீரோவுல வெச்சிப் பூட்டிட்டாங்க."

எந்த ஆபீஸ் நடத்தியது என்று நான் எழுதச் சொல்லப்போவதில்லை. என் தம்பி அந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

எனக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கம் காலரா வந்தது. ஒரு தண்டோராக்காரர் தெருத்தெருவாக வந்து, தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, ஈ மொச்ச பண்டத்தத் தொடாதீங்க என்று தப்பு அடித்துச் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் நின்று என் அம்மா தலையை ஆட்டும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போனார். அவருக்குக் கிடைத்தது மடி நிறையக் கம்பு. ஷாமியானா இல்லை, கேசரி இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. சுற்றி வளைக்கிறேன் என்று எழுதுகிறவர் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்க்கிறார். எழுதுங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஞானம்மா மறுபடி தூக்குச் சட்டியோடு வந்தாள். கோபக்காரிதான், ஆனால் மனசு கெட்டவள் இல்லை. "இந்தாங்க, மொளகு ரசம். பூண்டே போடல" என்று பத்மாவதியம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

பத்மாவதியம்மா முகத்தைச் சுளித்தாள். "போடலன்னு சொன்னா நாத்தம் போயிடுமா? எனக்கு வருதே."

"மாதா சத்தியமா போடல."

"சத்தியம் வேற பண்றியா?"

"நான் பொய் சொல்றனா? உன் மூக்கு கெட்டுக் கெடக்குது!"

பெரிய சண்டை ஆகிவிட்டது. வார்டே எழுந்து உட்கார்ந்து கேட்டது. அந்த நேரத்தில் டாக்டர் உள்ளே வந்தார். "என்ன சத்தம் இங்க?"

ஞானம்மா சட்டியை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நீங்களே மோந்து பாருங்க டாக்டரய்யா, இதுல பூண்டு இருக்குதா?"

பத்மாவதியம்மா அழுதாள். "ரெண்டு நாளா சொல்றேன் சார். அதுவும் இவரு கிட்ட குனிஞ்சாத்தான் ரொம்ப அடிக்குது. இவங்க இல்லவே இல்லேங்கறாங்க."

டாக்டரின் முகம் மாறியது. "இவர்கிட்ட குனிஞ்சாலா?"

அவர் நேராக நைனாரின் தலையிடம் போய்க் குனிந்தார். முடியை மோந்தார். தலைக்கடியில் இருந்த மடிப்பை விரல் நுனியால் இழுத்துத் தரையில் போட்டார்.

"இது எப்பலேருந்து இங்க இருக்கு?"

"மொத நாளே நான்தான் வெச்சேன் சார். தலவாணி இல்ல. நல்லாக் காஞ்சிடுச்சி, ஈரம் இல்ல."

"அம்மா, காஞ்சாலும் அந்த மருந்து போகாது. பூண்டு வாசனை அதோட வாசனை. முடியிலயும் இருக்கு, துணியிலயும் இருக்கு. தோல் வழியா உள்ள போயிக்கிட்டே இருக்கு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஊசி அவரை மேலே தூக்கியது, தலைக்கடியில் இருந்த துணி கீழே இழுத்தது. தினமும் பூண்டு தின்கிற எங்கள் மூக்குக்கு அது வாசனையாகவே படவில்லை. அந்த வார்டில் அதைக் கண்டுபிடிக்கக்கூடிய மூக்கு ஒன்றே ஒன்று. அந்த மூக்கும் என் ரசத்தைத்தான் சந்தேகப்பட்டது.

பத்மாவதியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானே வெச்சேனே, நானே வெச்சேனே" என்றாள். ஞானம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் நாளே தலையோட குளிப்பாட்டச் சொன்னேனே?" என்றார் டாக்டர்.

நர்ஸம்மா தலை குனிந்தாள். "ஒடம்பு ஜில்லுனு இருந்துது சார். தண்ணி ஊத்தினா ஜன்னி வந்துடும்னு இந்தம்மா கையப் புடிச்சிக்கினாங்க. எனக்கும் பயமா இருந்துது. மூஞ்சி, கை கால் தொடச்சி விட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்களும் அதே பஸ்தானே?"

"வூட்டுக்குப் போனதும் குளிச்சேங்க."

"அதான் உக்காந்து பேசறீங்க."

அதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரே பஸ், ஒரே மருந்து. நான் விருந்தாளி என்று தண்ணீர் ஊற்றினார்கள். அவர் நோயாளி என்று ஊற்றவில்லை.

"இதுக்குத்தானே ட்ரெய்னிங்னு ஒண்ணு நடந்துச்சு? இங்கேருந்து யார் போனது?" என்று டாக்டர் கேட்டார். கோவிந்தன் வாசலிலிருந்து மெதுவாகக் கையைத் தூக்கினான். டாக்டர் அவனை அருகில் கூப்பிட்டார். "அங்க காட்டின கையுறைங்களையாவது வாங்கிட்டு வா. வெறுங்கையோட இத்தனை பேர் தொட முடியாது. ஓடு."

அவன் தனியாகப் போனால் உட்கார வைத்துவிடுவார்கள் என்று நானும் கூடப் போனேன். தலை சுற்றியது. போனேன்.

பயிற்சி நடத்திய ஆபீஸின் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். "மலேயாவா? அங்க ட்ரான்சிஸ்டர் ரொம்ப சல்லிசாமே?" என்று கேட்டார். சுவரில் அந்த போட்டோ மாட்டியிருந்தது. நடுவில் ரப்பர் கையுறை போட்ட கையால் மெட்ராஸ் அதிகாரி கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒரு கை மட்டும் கறுப்பாகக் கோவிந்தன்.

"ஐயா, ஒரு உசுரு போவுது. பீரோவத் தெறங்க" என்றேன்.

"சாவி ஸ்டோர் கீப்பர்கிட்ட இருக்கு. அவர் திருவண்ணாமலைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கார்."

"பூட்ட ஒடைங்க."

"பெரியவரே, கவர்ன்மெண்ட் பூட்டு. உடைச்சா நான் பதில் சொல்லணும்."

"ஆளு செத்தா யாரு பதில் சொல்லணும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்றதக் கேளுங்க. பயிற்சி முடிஞ்சுது, இந்த ஊரே தயாரா இருக்குதுன்னு மேல எழுதி அனுப்பியாச்சு. இப்ப இப்படி ஒரு கேசுன்னு போனா என்னய்யா பயிற்சின்னு கேப்பாங்க. அடுத்த தடவை பணமே வராது. உங்க ஊருக்குத்தான் நஷ்டம்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை எழுதுகிறவரிடம் சொன்னேன், அச்சில் போட முடியாது என்கிறார். கத்தியதில் எனக்கே மூச்சு வாங்கியது. ப்யூன் வந்து தோளைப் பிடித்து வெளியே விட்டான்.

கடைத்தெருவில் சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினோம். வழியில் கோவிந்தன் ஒரு இடத்தில் நின்று, "பெரிவரே, எனக்குப் புரியலன்னு அன்னிக்கே எழுந்து சொல்லியிருக்கலாம். எல்லாரும் கை தட்டினாங்க, நானும் தட்டினேன்" என்றான்.

ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் டாக்டர் முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார். கையுறைக்காகக் காத்திராமல் அவரே நைனாரின் முடியை வெட்டி, தண்ணீர் ஊற்ற ஆரம்பித்திருக்கிறார். பாதியிலேயே நைனாருக்கு மூச்சு நின்றுவிட்டது. எங்களைப் பார்த்ததும், "சோப்ப அங்க வைங்க" என்றார்.

உடம்பை எடுத்துப்போகத் தொண்டூரிலிருந்து உறவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் ஈரச்சட்டையோடு வண்டியருகில் நின்று சொன்னார்: உடம்பைக் குளிப்பாட்டும்போது எட்டி நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சோப்புப் போடுங்கள், அந்தத் துணிகளை எரித்துவிடுங்கள், பிறகு நீங்களும் குளியுங்கள். தமிழில் சொன்னார். வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பாட்டி கேள்விகூடக் கேட்டாள், அதற்கும் பதில் சொன்னார்.

மறுநாள் காலை நான் தொண்டூருக்குப் போனேன். ஞானம்மாவும் வந்தாள். கிணற்றிலிருந்து வாசல் வரைக்கும் சனம் வரிசையாக நின்றது. குடம் கைக்குக் கை மாறி வந்தது. சொன்ன மாதிரியே எட்டி நின்று ஊற்றினார்கள், சொன்ன மாதிரியே கையில் துணி சுற்றியிருந்தார்கள். தலையிலிருந்து கால் வரைக்கும் நுரை. ஜன்னி வரும் என்று ஒருவரும் தடுக்கவில்லை. தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

அப்போது ஜீப் வந்தது. அந்த அதிகாரி இறங்கினார், கையில் பெரிய ரோஜா மாலை. கூட்டம் வழி விட்டது. பத்மாவதியம்மா எழுந்து அவர் எதிரில் வந்து நின்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"யாராவது ஒருத்தர் வந்து தண்ணி ஊத்தும்மான்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே நானே ஊத்தியிருப்பேனே சார்."

குடம் கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது. அதிகாரி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மாலையைப் பார்த்தார். உடம்பின்மேல் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.